நான் பெயர்த்த சொல்

ஆற்றின் நடுவே கிடந்த ஒரு மணல்திட்டுக்காக இரு நாடுகள் மூன்று நாள் பேசின. நான் மொழிபெயர்ப்பாளன். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதுவே என் கடமை, அதுவே என் கர்வம். பூசல் தணிந்தது. உடன்படிக்கையில் கையெழுத்து ஒன்றே மீதம். அதற்கு மறுவாரம் நாள் குறித்தார்கள். எங்கள் தூதர் மெய்யழகனார் எழுந்து கைகூப்பி, விடைபெறும் நம்மவர் எவரும் சொல்வதையே சொன்னார்: "அப்ப நான் வர்றேங்க."

"நான் வருவேன்" என்று அவர்கள் மொழியில் பெயர்த்தேன்.

அக்கரை ஆளுநரின் முகம் இறுகியது. "எத்தனை பேருடன்?"

அதையும் பெயர்த்தேன். கையெழுத்து நாளின் விருந்துக்கு ஆள் கணக்குக் கேட்கிறார் என்று எண்ணிய தூதர் வாய்விட்டுச் சிரித்தார். "ஊரே திரண்டு வந்துரும்! தாங்குவாரான்னு கேளுங்க தம்பி!"

ஒரு சொல் குறையாமல் கேட்டேன். ஆளுநர் பேனாவை மூடினார். பத்தாம் நாள் போர் மூண்டது.

அந்த அறையின் ஏலக்காய்த் தேநீர் மணத்துக்கு இன்றும் ஏங்குகிறேன். அமைதிக் காலத்தில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

என் மகன் செழியன் சீருடையோடு வாசலில் நின்று திரும்பினான். "வர்றேம்ப்பா. இதையும் பெயர்த்துத் தொலைச்சிராதீங்க."

மாட்டேன் என்று தலையசைத்தேன். ஆனால் வாசலைப் பார்க்கும்போதெல்லாம், அவன் சொன்னதை அன்று பெயர்த்தபடியேதான் பெயர்க்கிறேன்: நான் வருவேன்.