விரிப்பின் மறுமுனை

திரையில் நான்காவது முறையாக வெள்ளைப் படுக்கை விரிப்பு வந்து எல்லாவற்றையும் மறைத்தபோது அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

கடகடா அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அதில் பாதி சிரிப்பு, பாதி நடுக்கம்.

ஓட்டலின் அடித்தளத்தில் இருபது சலவை இயந்திரங்கள் ஒன்றாக ஓடினாலும் அவள் பேச்சு தனியாகக் கேட்கும். அதனால்தான் அந்தப் பெயர். பத்தொன்பது வருடமாக அங்கே விரிப்பு உதறி மடிக்கிறாள்.

அந்த அடித்தளத்தைப் பற்றித்தான் இந்த ஆவணப்படம். ஊர் ஊராகப் போய் உழைக்கிறவர்களைப் படமெடுக்கும் இயக்குநர் அம்மா ஒருவர், ஒன்பது நாள் சலவைக்கூடத்திலேயே கிடந்து எடுத்தார். எழுபது நிமிடப் படம். அடுத்த மாதம் பன்னிரண்டு நாடுகளில் தொலைக்காட்சியில் வரப்போகிறது.

பன்னிரண்டு என்று கேட்ட நாளிலிருந்து கடகடா அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

முகம் தெரியுமா, தெரியாதா? பார்த்தவர்களிடமெல்லாம் இதையே கேட்டாள். இந்த வயதில் இவளுக்கு வந்த ஆசையைப் பார் என்று இஸ்திரி போடுகிறவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் மறுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தாளே என்று அவர் கொஞ்சம் பயந்துபோனார்.

எல்லாம் படப்பிடிப்பின் முதல் நாள் ஆரம்பித்தது.

"நாங்க இங்க இல்லவே இல்லைன்னு நெனச்சுக்கோங்க" என்றார் இயக்குநர் அம்மா.

கடகடா அக்கா அதைச் சொன்ன சொல் மாறாமல் கடைப்பிடித்தாள்.

கேமராக்காரர் நின்ற இடத்தில் யாரும் இல்லை என்பதால் தள்ளுவண்டியை நேராக ஓட்டி அவர் கால் கட்டைவிரலில் ஏற்றினாள். ஆளில்லாத இடத்தில் எதற்கு என்று அவர்கள் வைத்த விளக்கை அணைத்தாள். ஒலிவாங்கி மாட்டிய நீளக் குச்சியில் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டாள்.

கேமரா, மடிக்கும் மேசைப் பக்கம் திரும்பினால் போதும். அதன் மூக்குக்கு நேராக ஒரு விரிப்பை உதறுவாள். இரட்டைக் கட்டிலுக்கான பெரிய விரிப்பு. ஊரையே மூடலாம்.

மூன்றாவது நாள் கேமராக்காரர் அழுதுவிடுவார் போலிருந்தது. ஐந்தாவது நாள் இயக்குநர் அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

இப்போது திரையில் ஐந்தாவது விரிப்பு. ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஏழாவது விரிப்பு வருவதற்கு முன்பே முன்வரிசையில் யாரோ அதற்காகக் காத்திருந்து சிரித்தார்கள்.

பக்கத்து இருக்கையில் மடிப்புக்காரி. மடிக்கும் மேசையில் கடகடா அக்காவுக்கு ஜோடி. குளிர்கிறது என்று சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

அறுபத்திரண்டாவது நிமிடம்.

கடைசி நாள் காட்சி. அன்றைக்கு மட்டும் அக்கா கேமராவைக் கவனிக்காத பத்து நிமிடம் ஒன்று உண்டு. அதில் என்ன எடுத்தார்கள் என்பது தெரியாமல்தான் இத்தனை நாள் எல்லோரையும் கேட்டுத் துளைத்தாள்.

திரையில் மடிக்கும் மேசை. ஒரு கை. விரிப்பின் ஓரத்தை நீவுகிற விரல்கள். கேமரா மெல்ல மேலே ஏறியது. மணிக்கட்டு. முழங்கை. தோள். கழுத்து.

மடிப்புக்காரியின் நகம் அக்காவின் உள்ளங்கையில் பதிந்தது.

அந்த நொடியில், சோப்புத் தூள் எடுக்க எதேச்சையாக உள்ளே நுழைந்த ஓர் அகன்ற முதுகு திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. நின்றது மட்டுமா, ஆற அமர இடுப்பைச் சொறிந்துகொண்டது.

அரங்கம் அதிர்ந்தது. தன் முதுகை அவ்வளவு பெரிதாக அக்கா பார்த்ததே இல்லை. இவ்வளவு அழகான முதுகு உலகத்தில் வேறு யாருக்கும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அதோடு படம் சலவைக்கூடத்தை விட்டு ஓட்டலின் மேல்மாடி அறைகளுக்குப் போயிற்று. பிறகு பெயர்கள் ஓடின.

"வரல" என்று மடிப்புக்காரி சால்வைக்குள்ளிருந்து சொன்னாள்.

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மூச்சு முட்ட, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள்.

இயக்குநர் அம்மா அக்காவை மேடைக்கு அழைத்தார். ஒன்பது நாள் எடுத்தும் நம் கதாநாயகியின் முகத்தை ஒருமுறைகூட ஒழுங்காகக் காட்ட முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

"நீங்கதான் இல்லவே இல்லைன்னு சொன்னீங்களே" என்றாள் அக்கா.

அந்தக் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. மறுமுனையை இன்னொருத்தி பிடிக்க வேண்டும். எழுபது நிமிடம் பார்த்தவர்களில் ஒருவர்கூட அந்த இன்னொருத்தி யார் என்று கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு கண் வீங்கி மூடியிருக்க, ஒரே ஒரு பையோடு அடித்தளத்துப் படியில் இறங்கி வந்தவள் மடிப்புக்காரி. அவளைக் கட்டியவன் அந்தப் பன்னிரண்டு நாடுகளில் ஒன்றில் இன்னும் அவள் புகைப்படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

வெளியே வாசல் படியில் மடிப்புக்காரி சால்வையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, வெயிலில் முகத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள். பத்திரிகைக்காரர் ஒருவர் இருவரையும் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கேமராவைக் கண்ணருகே தூக்கினார்.

கடகடா அக்கா தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து ஓங்கி உதறினாள்.