இருபத்து நான்கு பாகை

பழைய ஜாதகம் மடிப்பில் கிழிந்துவிட்டதென்று, புதிது எடுக்க அம்மாவும் சண்பகமும் கம்ப்யூட்டர் ஜோசியரிடம் வந்திருந்தார்கள். அவர் பழைய தாளை இரண்டு தடவை பார்த்தார்.

“இது வெள்ளைக்காரன் கணக்குல்லா. நம்ம முறைக்கு இருபத்துநாலு பாகை கழிக்கணும். போட்டவன் மறந்துட்டான்.”

புதுத் தாளில் ஏழாம் இடத்துச் செவ்வாய் ஆறுக்குப் போயிருந்தது. தோஷமே இல்லை. அந்தச் செவ்வாயைப் பார்த்துப் பதினேழு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்றிருந்தார்கள். சண்பகத்துக்கு இப்போது நாற்பத்தாறு வயது.

“தங்கச்சிக்கும் அன்னைக்கு அங்கதான் போட்டோம். அவளுக்கும் பாருங்க” என்று சண்பகம் வடிவின் பிறந்த நேரத்தைச் சொன்னாள்.

வடிவுக்குப் பழைய தாளில் ஒரு குறையும் இல்லை. பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறாள், மகன் கல்லூரிக்குப் போகிறான். புதுத் தாளில் அவளுக்குச் செவ்வாய் எட்டில், தோஷ இடத்தில், இருந்தது.

அம்மா அந்தத் தாளைப் பிடுங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“வடிவுகிட்ட மூச்சு விட்றாதட்டி. பாவம், பிள்ள பயந்துருவா.”

சண்பகத்தின் தாளை யாரும் எடுக்கவில்லை. அது மேசையில் சூடு ஆறாமல் கிடந்தது.