சாவியைப் பிடுங்குங்க சார்

"மேடம், ஒருத்தன் நல்லாக் குடிச்சிருக்கான். கார் எடுக்கப் போறான். சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க."

போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு மதியச் சாப்பாட்டு அசதி அந்த நொடியே கலைந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கறார் அக்கா. லைனில் இருப்பது மந்திரியே ஆனாலும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடமாட்டாள்.

"எந்த இடம் சார்?"

"ஸ்டேஷன் ரோட்டுல பெரிய ஓட்டல் இருக்கே, அதுக்குப் பின்பக்கம். கார் நிறுத்தற இடம்."

"என்ன வண்டி?"

"சாம்பல் கலர் கார்." கேட்பதற்கு முன்பே நம்பரையும் மடமடவென்று ஒப்பித்தான்.

ரோந்து வண்டிக்குத் தகவல் போனது. ரயில்வே கேட் போட்டிருக்கிறது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்று பதில் வந்தது.

போன வாரமும் இப்படித்தான். யாரோ நல்ல மனசோடு தகவல் சொல்லி, ரோந்து வண்டி போய்ச் சேர்வதற்குள் கார் கிளம்பிவிட்டது. சைக்கிளில் போன ஒருவர் வீடு திரும்பவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"சார், நல்லாக் கேளுங்க. எங்க ஆளுங்க வர்ற வரைக்கும் லைனைக் கட் பண்ணாதீங்க. காருக்கு முன்னாடி போய் நிக்காதீங்க. அவர் இப்ப என்ன பண்றார்?"

"கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறான். சாவி கையில இருக்கு."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"ரொம்ப நாளாத் தெரியும்."

வார்த்தைகள் லேசாக இழுபட்டன. அவளா விடுவாள்?

"சார், நீங்களும் குடிச்சிருக்கீங்களா?"

"ஆமா மேடம். அவன்கூடத்தான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே உட்கார்ந்து குடித்துவிட்டு, இப்போது நல்ல பிள்ளை வேஷமா?

"அப்படி எங்கே போகணுமாம் அவசரமா?"

"ஸ்கூல் விடற நேரம். அவன் பொண்ணைக் கூட்டிட்டு வரணும். ஒண்ணாம் கிளாஸ் படிக்கறா."

"குழந்தையை வெச்சுக்கிட்டா ஓட்டப் போறார்?"

"இத்தனை நாளாக் குடிச்சா தனியாத்தான் ஓட்டியிருக்கான். இன்னிக்கு அவ பின்சீட்டுல உட்காரப் போறா. அதான் மனசு கேக்கலை."

"தனியா ஓட்டினப்ப ரோட்டுல போனவங்களுக்கெல்லாம் குழந்தை குட்டி இல்லையா சார்?"

"நியாயம்தான் மேடம்."

"சரி, அடிதடிக்கு வர்ற ஆளா அவர்?"

"இல்லை மேடம். வாய்கூட அதிகம் பேசமாட்டான்."

"அப்ப சாவியைப் பிடுங்குங்க."

"பல தடவை பார்த்துட்டேன். நான் சொன்னாக் கேக்க மாட்டான். பக்கம்தானே, மெதுவாப் போனாப் போச்சும்பான். நானும் சரின்னு விட்டுடுவேன்."

"நல்ல சிநேகிதர் சார் நீங்க. அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கீங்களா?"

"அவளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும் மேடம்."

"பிடிக்கும்ல? அப்ப இன்னிக்கு ஒரு நாள் சரின்னு விட்டுடாதீங்க. பிடுங்கித் தூரப் போடுங்க. கெஞ்சினாலும் கேக்காதீங்க."

எதிர்முனையில் செருப்பு தேய நடக்கும் சத்தம் கேட்டது. அவள் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை.

தொபுக் என்றது.

"போட்டுட்டேன் மேடம். சாக்கடையில."

"அவர் என்ன பண்றார்?"

"அழறான்."

அவளுக்கு இப்போதுதான் உயிர் வந்தது. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை.

"ஸ்கூல் வாசல்ல குழந்தை நிக்குமே. அம்மாவுக்குச் சொல்லியாச்சா?"

"அய்யோ, அது மட்டும் முடியாது மேடம். அவன் குடியை விட்டுட்டான்னு அவ நம்பிட்டிருக்கா. அதையும் நானா சொல்லணும்?"

"பின்னே, குடிச்சவரா சொல்லுவார்? கார் இனி நகராது. என் லைனை வெச்சுட்டு, முதல்ல அந்தம்மாவுக்குப் போடுங்க. பூசி மெழுகாம உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

"சரி மேடம்," என்றான். சொன்ன விதத்தில் ஏனோ அவளுக்கு நம்பிக்கை வந்தது.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரியிடம் திரும்பினாள்.

"குடிச்சவனைக்கூட மன்னிச்சுடலாம்டி. கூடவே இருந்து வேடிக்கை பார்க்கறானுங்களே, இவனுங்களைத்தான் முதல்ல உள்ள வைக்கணும்."

அதற்குள் ரோந்து வண்டியிலிருந்து கான்ஸ்டபிள் கூப்பிட்டார்.

"மேடம், வந்துட்டோம். கார் அப்படியே நிக்குது. பக்கத்துல ஒருத்தர் தரையில உட்கார்ந்திருக்கார்."

"ஒருத்தரா? குடிச்சவரா, போன் பண்ணவரா? இன்னொருத்தரையும் தேடிப் பிடிங்க. போன் பண்ணவருக்கு நான் நாலு வார்த்தை சொல்லணும்."

"இன்னொருத்தர்னு யாரும் இல்லையே மேடம். ஆரம்பத்துலேர்ந்தே இவர் தனியாத்தான் இருந்தாராம், வாட்ச்மேன் சொல்றார். இப்ப சம்சாரத்துக்கிட்ட போன்ல பேசிட்டிருக்கார். 'நான் குடிச்சிருக்கேன். சாவியை நானே சாக்கடையில போட்டுட்டேன். நீ போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடு'ங்கறார்."