மூன்று பாகைச் சூடு

"உந்த அளவு செல்லாது, ஐயா. ஜெரிசன்ரை யந்திரத்தைத் திரும்ப அளந்து பாருங்கோ."

சுபாஜினி இப்படிச் சொன்னதும் றொசாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குருநகர்க் கரையில் அருகருகே சுழன்றவை இரண்டே காற்றாடி யந்திரங்கள். ஒன்று அவள் கணவன் ஜெரிசன் செய்தது, மற்றையது மானிப்பாயிலிருந்து வந்த இந்தச் சுபாஜினி செய்தது. கூடுதலாக மின்சாரம் தருவதையே மீனவர் சங்கம் தன் ஐம்பது மீன்வாடிகளுக்கும் செய்விக்கும். தோற்றால் ஜெரிசன் கட்டாருக்கு வேலைக்குப் போவதென்று முடிவு, கடவுச்சீட்டும் வந்துவிட்டது.

நடுவர் அடைக்கலநாதனோ முடிவை எழுதிய கடதாசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"ஏன் அக்கா, வயித்தெரிச்சலோ?" என்றாள் றொசாந்தி. "ஐயா மீற்றரிலை வோல்ற்றையும் அம்பியரையும் பாத்துப் பெருக்கித்தானே எழுதினவர்?"

"பெருக்கினது சரி, தங்கச்சி. மீற்றர்தான் பிழை. உங்கடை யந்திரத்திலை மின்சாரம் துடிச்சுத் துடிச்சு வருது. அலையடிக்கேக்கை ஒருக்காத் தடியை நட்டுப் பாத்துக் கடலின்ரை ஆழத்தைச் சொல்லேலுமோ? தண்ணியைச் சூடாக்கிப் பாப்பம்."

இரண்டு எண்களைப் பெருக்கிவிட்டு, அளந்தாயிற்று என்று கைகழுவுவோர் மலிந்த காலத்தில், அந்தப் பிடிவாதத்துக்கு நடுவர் இணங்கியதே பெரிது. ஒரே கிணற்றுத் தண்ணீர், சூடு காக்கும் இரண்டு சுடுதண்ணீர்ப் போத்தல்களில் ஒவ்வொரு லீற்றர்; உள்ளே ஒவ்வொரு காற்றாடியோடும் இணைத்த, ஒரே அளவான சூடாக்கும் கம்பிகள்; பத்து நிமிடம். மூடி இறுக்கமா என்று சுபாஜினி ஜெரிசனின் போத்தலையே இருமுறை பார்த்தாள். றொசாந்தி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் வெப்பமானியை வாசித்தார். "சுபாஜினி, நாற்பது பாகை. ஜெரிசன், நாற்பத்துமூண்டு. வெண்டது ஜெரிசன்."

றொசாந்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

"அவரை விழுத்த வெளிக்கிட்டு நீங்களெல்லோ அக்கா விழுந்தியள்?"

சுபாஜினி தன் காற்றாடியைக் கழற்றத் தொடங்கினாள்.

"பொறு பிள்ளை," என்ற நடுவர், பையிலிருந்த கடதாசியை எடுத்து றொசாந்தியிடம் நீட்டினார். "உதை அவவுக்குக் காட்டின பிறகுதான், திரும்ப அளக்கச் சொன்னவ."

றொசாந்தி விரித்துப் படித்தாள்: 'முதலாமிடம்: சுபாஜினி, எழுபத்தேழு வாற்று. இரண்டாமிடம்: ஜெரிசன், அறுபத்திரண்டு வாற்று.'