நாற்பத்து நாலு சென்டிமீட்டர்

பியாட்ரிஸின் தோள்களை டென்சில் இரண்டாவது முறையாக அளந்தான்.

"அதே முப்பத்தெட்டுதான் ஆன்ட்டி. டெய்லர் கடையில அளந்தாலும் இதான் வரும்."

பிரேசர் டவுனில் அவனுடைய சைக்கிள் கடை. ஸ்டாண்டில் பூட்டி நிறுத்திய தன் சைக்கிளின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆளுயர ஃபேன். ஹேண்டில்பார் வாங்க வருகிற எல்லோரையும் டென்சில் அதன் முன்னால் உட்கார வைத்துவிடுவான். எது கைக்குச் சுகம், எது காற்றைக் கிழிக்கும் என்பதையெல்லாம் வாயால் சொல்லி விளங்க வைக்க முடியாது என்பது அவன் கட்சி.

அவள் கேட்டு வந்தது குறுகலானது. தோளைவிட ஒரு விரல்கூட அகலம் கூடாது. உள்ளங்கை மரத்துப்போகாதபடி மேல்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். குனிந்து பிடித்தால் உடம்பு அம்பு மாதிரி ஆகிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான்.

கணவர் சிரில் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. மகள் அன்னா அப்பாவின் சைக்கிளைத் தன் அளவுக்கு மாற்றி எடுத்துக்கொண்டாள். இரண்டு முறை அம்மாவோடு நந்தி மலை அடிவாரத்துக்குக் கிளம்பினாள். இரண்டு முறையும் தேவனஹள்ளி தாண்டியதும் எதிர்காற்றில் சோர்ந்து திரும்பிவிட்டாள்.

மூன்றாவது முறையும் திரும்பினால் அப்பாவின் சைக்கிளை விற்றுவிடப்போவதாகச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

பியாட்ரிஸ் போட்ட கணக்கு எளிமையானது. தான் முன்னால் பறந்தால் மகள் துரத்தி வருவாள். ரோஷக்காரி.

பறக்கத்தான் முடியவில்லை. இரண்டு வருடமாக அந்தக் காற்று அவளையும் அறைந்துகொண்டுதான் இருந்தது. வயசு என்றாள் அவளுடைய அக்கா. ஹேண்டில்பார் என்றாள் பியாட்ரிஸ்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. பதினோரு வருடம், மாலைப் பூசைக்குப் போய்க்கொள்ளலாம் என்ற தைரியத்தில், ஞாயிறு விடியும் முன்பே ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து இருவரும் கிளம்பிவிடுவார்கள். சிரில்தான் முன்னால் போவார். சைக்கிளில்கூட ஆம்பிளைதான் முன்னால் போகணுமா என்று அவள் சீண்டுவாள். கடைசி ஒரு கிலோமீட்டரில் அவரை முந்திப் போய், அடிவாரத்து இளநீர்க் கடையில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்பாள்.

தோற்றவர் இளநீர் வாங்கித் தர வேண்டும். ஒரு ஞாயிறுகூட அவள் வாங்கித் தந்ததில்லை.

மூச்சிரைக்க வந்து சேரும் சிரில் எப்போதும் ஒன்றையேதான் சொல்வார்: "இன்னிக்கு காத்து ஜாஸ்தி, பியா."

"எனக்கு மட்டும் இல்லாத காத்தா?" என்பாள்.

டென்சில் நாலு திருகாணிகளை முடுக்கிக் குறுகலானதைப் பூட்டினான். ஃபேனைப் போட்டான். பியாட்ரிஸ் குனிந்து மிதித்தாள். முழங்கைகள் விலாவோடு ஒட்டிக்கொண்டன. காற்று அவளைத் தொட்டும் தொடாமலும் இரண்டு பக்கமும் வழுக்கிப் போயிற்று. முதுகுக்குப் பின்னால், தூணில் மாட்டியிருந்த காலண்டரின் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

இதுதான், என்று தலையை ஆட்டினாள்.

"எதுக்கும் அகலமானதையும் ஒரு தடவை பார்த்துடுங்க," என்று டென்சில் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். அன்னாவுக்காகக் கழற்றி வைத்த சிரிலின் பழைய ஹேண்டில்பார். நாற்பத்து நாலு. சைக்கிள் கிளப்பில் அதற்கு எருமைக்கொம்பு என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததே பியாட்ரிஸ்தான்.

பூட்டியதும் பிடித்தாள். கைகள் விரிந்தன. நெஞ்சு திறந்துகொண்டது. மொத்தக் காற்றும் வந்து அவள் மேல் மோதியது.

பின்னால் படபடப்பு நின்றது.

"ஃபேனை ஆஃப் பண்ணிட்டியா?"

"உங்க முடியெல்லாம் பறக்குதே ஆன்ட்டி."

திரும்பிப் பார்த்தாள். காலண்டர் தாள்கள் தூணோடு சாதுவாகத் தொங்கின. முழங்கைகளை ஒடுக்கினாள். தாள்கள் அடித்துக்கொண்டன. விரித்தாள். அடங்கின.

"அங்கிளும் இதேதான் பண்ணார்," என்றான் டென்சில், ஸ்பேனரைத் துடைத்தபடி. "இதை வாங்குன அன்னிக்கு. அவர் தோளுக்கு நாப்பது போதும்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேக்கல. கையை விரிச்சி விரிச்சி, திரும்பித் திரும்பி அந்தக் காலண்டரையே பார்த்துட்டிருந்தார். எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

பின்னால் வருகிறவருக்குக் காற்று கொஞ்சம் குறையும் என்பது அவளுக்கும் தெரிந்ததுதான். கொஞ்சம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

ஃபேனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். கைகளை ஒடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் மிதித்தாள்.

"இதையே போட்டுடு," என்றாள்.

ஞாயிறன்று தேவனஹள்ளி தாண்டியதும் காற்று சுவர் மாதிரி எதிரே வந்தது. என் பின்சக்கரத்தை விட்டு விலகாதே என்று மட்டும் மகளிடம் சொல்லியிருந்தாள். தொடைகள் எரிந்தன. கைகள் விரிந்தபடியே இருந்தன. திரும்பிப் பார்க்கவில்லை. அன்னாவின் சங்கிலிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் சீராகக் கேட்டுக்கொண்டே வந்தது. அது போதும்.

கடைசி ஒரு கிலோமீட்டரில் வலப்பக்கம் ஒரு நிழல் விழுந்தது. பெடலில் எழுந்து நின்று அன்னா அவளைக் கடந்து போனாள்.

பியாட்ரிஸ் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, இளநீர்க் கடையில் மகள் ஒற்றைக் காலை ஊன்றி நின்றிருந்தாள்.

"என்ன மம்மி, ஆளையே காணோம்?"

"இன்னிக்கு காத்து ஜாஸ்திடி."

"எனக்கு மட்டும் இல்லாத காத்தா?" என்று அன்னா சிரித்தாள்.

பியாட்ரிஸ் இளநீர்க்காரரிடம், மகளுக்குப் பெரிய காயாகப் பார்த்து வெட்டச் சொன்னாள்.