கல்லம்மா பரீட்சை

"உடம்புல ஒரு வலி இல்ல, ஒரு வீக்கம் இல்ல. சிவனேன்னு இருக்கிற என்னை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறே?" என்று கேட்டுவிட்டுக் கல்லம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எதிரே இருந்த மாணவி தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இது அவளுக்கு மூன்றாவது முறை.

கல்லம்மா என்று நிஜத்தில் ஒருத்தி கிடையாது. புற்றுநோய் விழிப்புணர்வுக்கான முதுகலைப் படிப்பில் அது ஒரு செய்முறைத் தேர்வு. மார்பகப் பரிசோதனைக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற, சலவை ஆலையில் வேலை செய்கிற ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணாகப் பேராசிரியை நடிப்பார். கண்ணாடியைக் கழற்றி வைத்தால் கல்லம்மா, மாட்டிக்கொண்டால் பேராசிரியை. மாணவர்கள் பேசிப் பேசி அவள் மனதை மாற்ற வேண்டும். "யோசிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் பாஸ். அதன் பிறகுதான் ஆலைகளுக்கும், பல மொழிக்காரர்கள் நெருக்கியடித்து வாழும் குடியிருப்புகளுக்கும் போய் நிஜமான மனிதர்களிடம் பேச அனுமதி.

பதினாலு வருஷத்தில் "வரேன்" என்று மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் பிள்ளைகள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

மாணவிக்கும் வகுப்பில் ஒரு பெயர் உண்டு: ரேடியோ. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். முதல் முறை புள்ளிவிவரங்களை மழையாகக் கொட்டினாள். கல்லம்மா கொட்டாவி விட்டாள். இரண்டாம் முறை கலர் அட்டைகளை மேசை முழுக்கப் பரப்பினாள். "படம் நல்லா இருக்கு. நீயே வரைஞ்சியா?" என்று கேட்டுவிட்டுக் கல்லம்மா எழுந்து போய்விட்டாள். இன்றைக்கும் கோட்டை விட்டால் ஒரு வருஷம் போச்சு.

"வலி வர்றதுக்கு முன்னாடியே பாத்துக்கிட்டா நல்லதுதானேம்மா?"

"இதை நூறு பேர் சொல்லிட்டாங்க. ஏன், நானே நாலு பேருக்குச் சொல்லுவேன். வேற ஏதாவது இருந்தா சொல்லு."

ரேடியோ அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தாள். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது தூக்கத்தில் மட்டும்தான்.

கல்லம்மாவே பேச ஆரம்பித்தாள்.

"எங்க அக்கா போனா. நல்லா நடந்துதான் போனா. டெஸ்ட் எடுத்தா. அப்புறம் ஏழே மாசம்."

தேர்வுக் குறிப்பில் அக்கா என்று யாரும் இல்லையே என்று ரேடியோ திகைத்தாள். நம்மைக் கவிழ்க்க மேடம் புதுசாக ஒரு கதை கட்டுகிறார் போலிருக்கிறது. ஆனாலும் கேட்கத் தோன்றியது.

"அக்கா எப்படிம்மா இருப்பாங்க?"

கல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள். "விசில் அடிப்பா. அடுப்புல பால் பொங்கி வழியும், அவ பாட்டுக்கு விசில் அடிச்சிட்டு நிப்பா. எங்க அம்மா கரண்டியோட துரத்துவாங்க. அப்பவும் விசில் நிக்காது."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"அவங்களுக்குக் கட்டி இருக்கிறது எப்போ தெரிஞ்சுது?"

"ரெண்டு வருஷமா தெரியும். வலிக்கலைன்னு யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டா."

"அப்போ அவங்களைக் கொண்டுபோனது டெஸ்ட் இல்லம்மா. அந்த ரெண்டு வருஷம்."

கல்லம்மா மேசை ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எதுலம்மா பயம்? மெஷினைப் பாத்தா? டாக்டரைப் பாத்தா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டுல தனியா உக்காந்திருக்கணுமே. அந்த நாலு நாள்."

இதற்குப் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. ரேடியோ தன் சொந்தச் சரக்கை எடுத்தாள்.

"அந்த நாலு நாளும் நான் போன் பண்றேன். நோயைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சீரியல் கதை சொல்றேன், எங்க ஹாஸ்டல் சண்டையெல்லாம் சொல்றேன். போதும் வைடின்னு நீங்க கெஞ்சுற வரைக்கும் பேசுவேன். எனக்குப் பேசவா சொல்லித் தரணும்? வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். வந்தீங்கன்னா சேர்ந்து உள்ள போவோம். வரலைன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்."

கல்லம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"வரேன்."

ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம், 'யோசிக்கிறேன்'னாலே பாஸ். நீங்க 'வரேன்'னு சொல்லிட்டீங்க மேடம்."

பேராசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டார். "பாஸ். அடுத்த வாரம் சலவை ஆலைக்குக் கிளம்பு. அங்கேயும் இதே மாதிரி வாயை மூடிக்கிட்டுக் காதைத் திறந்து வை."

துள்ளாத குறையாகக் கதவுவரை போனவளை அவர் குரல் நிறுத்தியது.

"வியாழக்கிழமை பத்து மணின்னியே. நிஜமாவே வருவியா?"

"ஐயோ மேடம், அது கல்லம்மாவுக்குச் சொன்னது" என்று ரேடியோ சிரித்தாள்.

பேராசிரியையும் சிரித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு.

"கல்லம்மாவுக்கு நான் ஒருநாளும் வசனம் எழுதினதில்லம்மா. பதினாலு வருஷமா ஊருக்குத்தான் உபதேசம். நான் இன்னும் அந்த டெஸ்ட் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல."