கதவில்லாத சுவர்

கடைசி டார்ட் அம்பு அவள் விரலை விட்டுப் போக மறுக்கிறது. நடுவட்டத்தில் குத்தினால் ஆட்டம் அவளுடையது. வெளிச்சமெல்லாம் பலகைமேல்தான், அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. வீட்டில் அறைக் கதவில் பலகையை மாட்டித்தான் பழகினாள். ஒருநாள் அவள் எறிந்த நொடியில் தம்பி கதவைத் திறந்தான். அவன் புருவத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. இங்கே இருப்பது வெறும் சுவர். தெரிந்தும் அவள் கண் பலகையின் ஓரத்தில் கதவின் கைப்பிடியைத் தேடுகிறது. நடுவர் தொண்டையைச் செருமுகிறார். முன்வரிசையிலிருந்து தம்பி மெல்லச் சொல்கிறான்: “அக்கா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன். நீ எறி.” யாரோ சிரிக்கிறார்கள். அவள் திரும்பி அவன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். எறிகிறாள். பலகையில் சத்தம் கேட்பதற்குள், எறிந்த கையாலேயே கண்ணைப் பொத்திக்கொள்கிறாள்.